வெளியூரில் கல்யாணம்: சில நன்மைகளும் சில நிபந்தனைகளும்



இந்த முறை எடுத்துக்கொண்ட தலைப்பு 'டெஸ்டினேஷன் வெட்டிங்'. அதாவது பெண் ஊரிலும் இல்லாமல், மாப்பிள்ளை ஊரிலும் இல்லாமல், மூன்றாவதாக ஒரு ஊருக்கு நெருங்கிய சொந்தங்களை மட்டும் கூட்டிக்கொண்டு போய், ரெண்டு நாள் தங்கி, அங்கேயே தாலி கட்டிவிட்டு வருவது. தமிழில் 'வெளியூர்க் கல்யாணம்' என்று வைத்துக்கொள்வோம்.

இந்த வார்த்தையைக் கேட்டதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது நட்சத்திரங்கள்தான். 2017 டிசம்பரில் விராட் கோலியும் அனுஷ்கா சர்மாவும் இத்தாலியில் கல்யாணம் செய்துகொண்டார்கள். 2018 நவம்பரில் தீபிகா படுகோனும் ரன்வீர் சிங்கும் அதே இத்தாலியில் கோமோ ஏரிக்கரைக்குப் போனார்கள். நம்ம பக்கம் 2022 ஜூன் 9 அன்று நயன்தாரா - விக்னேஷ் சிவன் கல்யாணம் மாமல்லபுரத்தில் நடந்தது. 2024 டிசம்பரில் கீர்த்தி சுரேஷுக்குக் கோவா. இது போதாதென்று பிரதமரே 2023 நவம்பரில் 'மன் கி பாத்' நிகழ்ச்சியில், ஏன் வெளிநாட்டுக்குப் போய்க் கல்யாணம் பண்ணுகிறீர்கள், இந்தியாவிலேயே பண்ணுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

இதையெல்லாம் படித்துவிட்டு நாம் என்ன சொல்கிறோம்? "அது காசு இருக்கிறவங்க சமாச்சாரம்ப்பா, நமக்கு எதுக்கு" என்று அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். என் கட்சி நேர் எதிர். காசு இருக்கிறவர்களுக்கு வெளியூர்க் கல்யாணம் ஓர் ஆசை, அவ்வளவுதான். அவர்கள் எங்கே செய்தாலும் தாங்கும். கடன் வாங்கிக் கல்யாணம் செய்கிற நம்ம மாதிரி நடுத்தரக் குடும்பங்களுக்குத்தான் இது உண்மையிலேயே தேவை. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இது புதுசா என்ன?

முதலில், இது ஏதோ வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கு என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். பெயர்தான் புதுசு, பழக்கம் நம்முடையதுதான்.

எங்க ஊர் கங்கைகொண்டான். திருநெல்வேலிக்கு வடக்கே, மதுரை போகிற நான்குவழிச் சாலையில் இருக்கிறது. இங்கே யாருக்காவது கல்யாணம் என்றால் "எங்கே வச்சிருக்காவ?" என்ற கேள்விக்கு வருகிற பதில்களில் ஒன்று எப்போதுமே "திருச்செந்தூர்ல" என்பதாக இருக்கும். வேண்டுதல் என்பார்கள், ஜாதகத்தில் அப்படி வந்திருக்கிறது என்பார்கள், குலதெய்வம் அந்தப் பக்கம் என்பார்கள். காரணம் எதுவானாலும் கடைசியில் நடப்பது என்ன? ஒரு வேன், ஒரு பஸ், ஐம்பது நூறு பேர், லாட்ஜில் நாலைந்து ரூம், கடற்கரை, கோவிலில் தாலி, ஓட்டலில் சாப்பாடு. இது டெஸ்டினேஷன் வெட்டிங் இல்லாமல் வேறென்ன? முகூர்த்த நாளில் திருச்செந்தூர் போய்ப் பாருங்கள். ஒரு ஜோடி மாலையோடு நகர்வதற்குள் அடுத்த ஜோடி வந்து உட்காரும்.

கேரளாவில் குருவாயூர் இதற்குப் பேர்போனது. 2024 செப்டம்பர் 8 அன்று ஒரே நாளில் அங்கே 300-க்கும் மேற்பட்ட கல்யாணங்கள் நடந்தன. திருமலையில் 2016-ல் இருந்து கல்யாண வேதிகையில் கட்டணமே வாங்காமல் கல்யாணம் செய்துவைக்கும் திட்டத்தைத் திருப்பதி தேவஸ்தானம் நடத்துகிறது. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்றால் தமிழ்நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் குடும்பமே கிளம்பித் திருக்கடையூருக்குப் போகிறது. அறுபது வயசில் செய்தால் பக்தி, இருபத்தைந்து வயசில் செய்தால் பந்தாவா? என்ன நியாயம் இது? :-)

2024 செப்டம்பரில் நடிகர் சித்தார்த்தும் அதிதி ராவ் ஹைதரியும் தேர்ந்தெடுத்ததுகூடத் தெலங்கானாவில் வனபர்த்தி பக்கம் ஸ்ரீரங்கபுரத்தில் இருக்கிற ஒரு பழைய கோவிலைத்தான். ஆக, நட்சத்திரங்களே சுற்றிவிட்டு நம்ம பாட்டிகள் போன வழிக்கு வருகிறார்கள்.

சரி, இப்போது நன்மைகளுக்கு வருவோம்.

1. ஆளுக்குச் செலவு கூடும், மொத்தச் செலவு குறையும்

பி.காம். படிக்கிற ஆள் கணக்கு இல்லாமல் பேசினால் எப்படி? இதோ ஒரு கணக்கு. இதில் உள்ள எண்கள் எல்லாம் உதாரணத்துக்காக நான் போட்டுக்கொண்டவை. உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர்க் கல்யாணம். மதியச் சாப்பாட்டுக்கு 1,200 பேர், இலைக்கு 250 ரூபாய்: 3,00,000. காலை டிபன் 600 பேர், ஆளுக்கு 120: 72,000. முந்தின நாள் ராத்திரிச் சாப்பாடு 800 பேர், ஆளுக்கு 180: 1,44,000. மண்டபம் 1,50,000. மேடை அலங்காரம், லைட் 1,00,000. மொத்தம் 7,66,000 ரூபாய்.

வெளியூர்க் கல்யாணம். 120 பேர். மூன்று பேருக்கு ஒரு ரூம் என்று 40 ரூம், ரெண்டு ராத்திரி, ரூமுக்கு 2,000: 1,60,000. அஞ்சு வேளைச் சாப்பாடு, வேளைக்கு 200: 1,20,000. ரெண்டு பஸ் 60,000. கோவில் கட்டணம், சின்ன ஹால், மாலை எல்லாம் 50,000. மொத்தம் 3,90,000 ரூபாய்.

இப்போது ஆளுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். ஊர்க் கல்யாணத்தில் ஆளுக்கு 638 ரூபாய். வெளியூரில் 3,250 ரூபாய். வருகிறவரை ஐந்து மடங்கு நன்றாகக் கவனிக்கிறோம். ஆனாலும் மொத்தச் செலவு கிட்டத்தட்ட பாதிதான்! காரணம் ரொம்ப எளிமை. கல்யாணச் செலவை ஏற்றுவது இடமோ அலங்காரமோ அல்ல, தலை எண்ணிக்கை. வரிசையாக இலை போடப் போட ஏறிக்கொண்டே போகிற செலவு அது. அந்த எண்ணிக்கையை ஊருக்குள் இருந்துகொண்டு குறைக்கவே முடியாது. பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டு எதிர் வீட்டுக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? அப்பாவின் ஆபீசில் ஒருவருக்குப் பத்திரிகை கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். எழுபது கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டால் யாருக்கும் மனக்கசப்பு இல்லாமல் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும். "தூரம்லா, அதான் சொல்லல" என்ற ஒரு வார்த்தை போதும். உண்மையில் நாம் அந்தத் தூரத்தைத்தான் விலைகொடுத்து வாங்குகிறோம்.

இந்தச் செலவு வெறும் எண் இல்லை என்பதற்கு எங்க சொந்தத்திலேயே ஒருவர் இருக்கிறார். மகள் கல்யாணத்துக்கு நகையை அடகு வைத்தார், போதாமல் வட்டிக்கும் வாங்கினார். அன்றைக்குச் சாப்பிட்டவர்கள் எல்லோரும் "பாயசம் நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இப்போது அந்த மகளுடைய குழந்தை ஒன்றாம் வகுப்பு போகிறது. அவர் இன்னமும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். பாயசத்தைச் சாப்பிட்ட யாருக்கும் இது தெரியாது. தெரிந்தாலும் என்ன செய்யப்போகிறார்கள்?

2. ரெண்டு வீட்டுக்கும் பொதுவான ஊர்

என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிய நன்மை. ஆனால் இதை யாரும் பேசுவதில்லை.

ஊர்க் கல்யாணத்தில் யாராவது ஒரு வீட்டார் விருந்துக்கு அழைக்கிறவர்கள், இன்னொரு வீட்டார் விருந்தாளிகள். பெண் ஊரில் நடந்தால் கேட்கவே வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்குவதில் ஆரம்பித்து, காபி சூடாக இருந்ததா, ரூமில் தண்ணீர் வந்ததா, பெரிய மாமாவை யார் வாசலில் வரவேற்றார்கள் என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள். பெண்ணைப் பெற்றவர் அன்றைக்கு முழுக்கப் பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி ஓடிக்கொண்டிருப்பார். பல கல்யாணங்களில் பெண்ணின் அப்பா கடைசிப் பந்தியில்கூட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது ஊருக்குப் போனால் ரெண்டு வீட்டாருமே பயணிகள். ஒரே பஸ், ஒரே லாட்ஜ், ஒரே காபி. தண்ணீர் வரவில்லை என்றால் ரெண்டு பேருக்கும் வரவில்லை! சம்பந்திகள் சேர்ந்து ரிசப்ஷனில் போய்ச் சண்டை போடலாம். அதிலேயே பாதி சொந்தம் ஒட்டிக்கொள்ளும்.

செலவையும் ஆளுக்குப் பாதி என்று பிரிக்க இங்கேதான் வழி பிறக்கிறது. "எங்க ஊர்ல, எங்க வீட்டு வாசல்ல நடக்குது, நாங்கதானே பாக்கணும்" என்ற பேச்சுக்கு இடமில்லை. பில் ஒன்றுதான், அதை ரெண்டாக வகுப்பது சுலபம். எங்க வீட்டில் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவும் அப்பாவும் தணிந்த குரலில் பேசுகிற பேச்சு எதைப் பற்றி என்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அதனால்தான் இந்தப் 'பாதி' என்ற வார்த்தை எனக்கு இத்தாலியைவிட அழகாகத் தெரிகிறது.

3. பேச நேரம் கிடைக்கும்

நம்ம ஊர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் செய்கிற முக்கியமான வேலை என்ன? மேடையில் நிற்பது. மூன்று மணி நேரம், நாலு மணி நேரம், வரிசையில் வருகிறவர்களோடு போட்டோவுக்குச் சிரிப்பது. வருகிறவர்களில் பாதிப் பேரை இருவருக்குமே தெரியாது. வந்தவர்களும் கவரைக் கொடுத்துவிட்டு, பந்திக்கு ஓடி, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிப்பார்கள்.

ரெண்டு நாள் சேர்ந்து தங்கினால் நிலைமை மாறும். பெண்ணின் சித்தி, மாப்பிள்ளையின் அத்தை, ரெண்டு பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கடலிலோ ஆற்றிலோ கால் நனைப்பார்கள். யார் யாருக்கு என்ன முறை என்று கல்யாண நாள் முடிவதற்குள் தெரிந்துவிடும். நம்ம பக்கம் மறுவீட்டில் சொதிச் சாப்பாடு போட்டு ரெண்டு வீட்டையும் சேர்த்து உட்காரவைத்த பெரியவர்களின் நோக்கமும் இதுதானே? கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, நெருக்கமானவர்கள் மட்டும் நிதானமாகச் சாப்பிடுகிற அந்த நாள்தான் கல்யாணத்திலேயே நல்ல நாள் என்று பல பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெளியூர்க் கல்யாணம் என்பது மறுவீட்டை முன்னாலேயே நடத்துவது மாதிரி.

4. இடம் நம்ம பக்கத்திலேயே இருக்கிறது

எங்க கங்கைகொண்டானுக்கு யாரும் டெஸ்டினேஷன் வெட்டிங் நடத்த வரமாட்டார்கள், அது எனக்கே தெரியும். சிப்காட், அதில் டயர் கம்பெனி, சோலார் கம்பெனி, ராத்திரியெல்லாம் லாரி. 2013-ல் சரணாலயமாக அறிவித்த புள்ளிமான் காடு ஒன்று உண்டு. மான்கள் கல்யாணத்துக்கு வராது. ஆனால் இங்கேயிருந்து கிளம்பினால் ரெண்டு, ரெண்டரை மணி நேரத்துக்குள் என்னவெல்லாம் இருக்கிறது! திருச்செந்தூரில் கடல், பாபநாசத்தில் ஆறு, குற்றாலத்தில் மலை, இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் கன்னியாகுமரி.

குற்றாலத்தில் ஒரு வியாபார நுணுக்கம் இருக்கிறது. அங்கே சீசன் ஆனி, ஆடி, ஆவணி மாதங்கள். ஆடியில் நாம் கல்யாணம் வைப்பதில்லை. நமக்கு முகூர்த்தம் குவிகிற தை, மாசி, பங்குனியில் அருவியில் தண்ணீர் குறைந்து ரூம்கள் காலியாகக் கிடக்கும். அவர்களுக்கு ஆள் வேண்டிய நேரத்தில் நமக்கு இடம் வேண்டும். பேரம் பேச இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? அருவி விழாதே என்பீர்கள். தாலி கட்டுவது அருவிக்குள் இல்லையே! மலையும் காற்றும் எங்கேயும் போய்விடாது.

இன்னொன்று. பாலிக்கும் தாய்லாந்துக்கும் போனால் நம்ம காசு அங்கேயே போய்விடும். இந்தப் பக்கமே நடத்தினால் பூ சங்கரன்கோவிலில் இருந்து வரும், வாழை இலை ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து வரும், மேளக்காரரும் சமையல்காரரும் நம்ம ஆட்களாகவே இருப்பார்கள். தாமிரபரணித் தண்ணீரில் விளைந்த காசு தாமிரபரணிக் கரையிலேயே சுற்றும். ஆற்றங்கரையில் நடத்துகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாலையையும் துணியையும் பிளாஸ்டிக் டம்ளரையும் ஆற்றில் விட்டுவிட்டு வராதீர்கள். பாபநாசத்தில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிற துணி போதும்.

5. கூட்டம் இல்லாவிட்டாலும் கல்யாணம் கல்யாணம்தான்

"ஊரைக் கூட்டிச் செய்தால்தான் கல்யாணம், நாலு பேருக்குத் தெரியணும்" என்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி உறவினர்கள், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் போட்டோ தாலி கட்டியோ செய்துகொள்கிற சுயமரியாதைக் கல்யாணம் தமிழ்நாட்டில் செல்லும். அதற்கு ஊரறியப் பகிரங்கமாக நடத்த வேண்டிய அவசியம் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சாஸ்திரப்படி செய்கிறவர்களுக்கும் 2024-ல் அதே நீதிமன்றம் ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்தியது. கல்யாணத்துக்குச் சடங்குதான் முக்கியம், அது ஆட்டம் பாட்டம் விருந்துக்கான நிகழ்ச்சி இல்லை என்று.

நம்ம மாவட்டத்தில் இதற்குக் கசப்பான ஒரு பக்கமும் உண்டு. சாதி மாறிக் காதலித்தவர்களுக்கு வெளியூர்க் கல்யாணம் என்பது ஆசை இல்லை, தப்பிக்கும் வழி. 2024 ஜூனில் அப்படி ஒரு ஜோடிக்குக் கல்யாணம் செய்துவைத்ததற்காகத் திருநெல்வேலியில் மார்க்சிஸ்ட் கட்சி அலுவலகத்தையே அடித்து நொறுக்கினார்கள். 'ஊர்' என்று நாம் பாசமாகச் சொல்கிற அதே ஊர்தான் இதையும் செய்தது. வாழ்த்த வருகிற ஊர் வேறு, வேவு பார்க்க வருகிற ஊர் வேறு என்று பிரிக்க முடியாமல் இருக்கிற வரை, ஒரு கல்யாணத்தின் நல்லது கெட்டதை முடிவு செய்யும் உரிமையை ஊருக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.

கூட்டம் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு இன்னொரு ஞாபகம். கொரோனா வந்த 2020-ல் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்று அரசே சொன்னது. அப்போது கல்யாணம் செய்துகொண்டவர்கள் இன்றைக்கும் குடும்பமாகத்தான் இருக்கிறார்கள். ஒன்றும் குறைந்துபோகவில்லை.

எதிர்க்கட்சியும் பேசட்டும்

நான் சொன்னதைக் கேட்டு வீட்டில் எழுந்த முதல் எதிர்ப்பு மொய். அப்பா கேட்டார்: "இருபத்தஞ்சு வருஷமா ஊர்ல எல்லார் வீட்டுக் கல்யாணத்துக்கும் எழுதியிருக்கேன். நம்ம வீட்டுல வச்சாத்தானே திரும்பி வரும்? அதெல்லாம் போகட்டும்ங்கியா?"

நியாயமான கேள்வி. மொய் நோட்டு என்பது வரவேண்டிய கடன்களின் பேரேடு. வட்டியில்லாத சீட்டு என்றும் சொல்லலாம். பத்திரிகை வைக்காவிட்டால் அது அத்தனையும் வாராக்கடன் ஆகிவிடும். மேலே போட்ட கணக்கிலேயே பார்ப்போம். 1,200 பேர் என்றால் சுமாராக 400 குடும்பம். குடும்பத்துக்கு 500 ரூபாய் என்றால் 2,00,000 வரும். வெளியூர்க் கல்யாணத்தில் மிச்சமாவது 3,76,000. அந்த மொய் முழுசாகப் போனால்கூட 1,76,000 லாபம். போதாததற்கு, வாங்குகிற மொய் வருமானம் இல்லை, நாளைக்குத் திருப்பி எழுதவேண்டிய கடன். அப்பா எழுதினது அப்பாவோடு முடியட்டும். நாங்கள் புதுசாக ஒரு நோட்டைத் திறக்க வேண்டாமே.

ரெண்டாவது எதிர்ப்பு வயதானவர்கள். இதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. முட்டிவலி உள்ள ஆச்சியை ரெண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்காரவைப்பது கஷ்டம்தான். அதனால்தான் ஜெய்ப்பூர் வேண்டாம், திருச்செந்தூர் போதும் என்கிறேன். ஆச்சி வரமுடியாத ஊரில் கல்யாணம் வைக்கக்கூடாது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் கேள்வியே அதுவாக இருக்கட்டும்.

மூன்றாவது, தினக்கூலிக்குப் போகிற சொந்தங்கள். ரெண்டு நாள் லீவு போட்டால் ரெண்டு நாள் கூலி போய்விடும். உள்ளூர் என்றால் தாலி கட்டினதும் சாப்பிட்டுவிட்டு மதியத்துக்கு மேல் வேலைக்குப் போய்விடுவார்கள். இவர்களை விட்டுவிட்டு வசதியான சொந்தத்தை மட்டும் கூட்டிப்போனால் அதைவிடக் கேவலம் இல்லை. போகிற வர பஸ், தங்க ரூம், சாப்பாடு எல்லாம் நம்ம பொறுப்பு என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "அவங்கவங்க ரூமை அவங்கவங்க போட்டுக்கோங்க" என்பது பணக்கார வீட்டு முறை. நமக்கு ஒத்துவராது.

நிபந்தனைகள்

இவ்வளவு சொன்ன பிறகு நான் முக்கியமாக நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். இது இல்லாவிட்டால் மேலே சொன்ன நன்மை அத்தனையும் வீண்.

ஒன்று, திரும்பி வந்து ஊரில் பெரிய ரிசப்ஷன் வைக்கக்கூடாது. நம்ம ஆட்கள் இதில்தான் கோட்டைவிடுகிறார்கள். திருச்செந்தூரில் தாலியைக் கட்டிவிட்டு, சாயங்காலமே மண்டபத்தில் ஆயிரம் பேருக்கு ரிசப்ஷன். ரெண்டு செலவும் ஒரே தலையில்! இதற்கு உள்ளூரிலேயே செய்திருக்கலாம். தெருக்காரர்களுக்கு மனசு கேட்கவில்லை என்றால் வீடு வீடாகப் போய் இனிப்பு கொடுத்து மாப்பிள்ளையையும் பெண்ணையும் கும்பிடச் சொல்லுங்கள். மேடையில் நின்று வாங்கும் வாழ்த்தைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

ரெண்டு, மிச்சமான காசு நகையாக மாறக்கூடாது. "மண்டபச் செலவு மிச்சம்தானே, அதுக்கு இன்னும் அஞ்சு பவுன் போட்டுருங்க" என்று யாராவது கேட்டால், அது 1961-லேயே சட்டம் போட்டுத் தடுத்த வரதட்சணை. மிச்சப் பணம் யாருடையது என்பதைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே பேசிவிட வேண்டும். என்னைக் கேட்டால், அது கல்யாணம் செய்துகொள்கிற ரெண்டு பேர் பெயரிலும் சேர்த்து பேங்கில் இருக்கட்டும். கடன் வாங்காமல் இருந்தாலே அதுவும் சேமிப்புதான்.

மூன்று, காகித வேலை. கோவில்களில் பொதுவாக வயதுக்கும் முகவரிக்கும் சான்று கேட்பார்கள். இதுவே முதல் கல்யாணம் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கின சான்றும் கேட்பது வழக்கம். எனவே முன்கூட்டியே கோவில் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவ நண்பர்கள் தங்கள் பங்கில் அறிவிப்பு வாசிப்பது, பங்குத்தந்தையின் சம்மதக் கடிதம் இவற்றை முடித்துவிட்டுத்தான் வேறு ஊர்க் கோவிலுக்குப் போக முடியும். கல்யாணத்தைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லா மதத்தவர்க்கும் கட்டாயம், 90 நாளுக்குள் செய்துவிடுவது நல்லது. முன்பெல்லாம் கல்யாணம் நடந்த ஊரில்தான் பதிய வேண்டும். 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மாப்பிள்ளையோ பெண்ணோ குடியிருக்கும் ஊரிலேயே பதியலாம். வெளியூர்க் கல்யாணத்துக்கு இது பெரிய வசதி. வெளிநாட்டில் செய்தால் தூதரகம், 1969-ம் வருஷத்துச் சட்டம் என்று தனி அலைச்சல் உண்டு.

முடிவாக

வெளியூர்க் கல்யாணத்தின் நன்மை கடற்கரைப் போட்டோவில் இல்லை. யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு செலவழிப்பது, யார் கட்டுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஊர் பதில் சொல்லாமல் ரெண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசிப் பதில் சொல்வதில் இருக்கிறது. அந்தத் தைரியம் உள்ளூரிலேயே உங்களுக்கு இருந்தால் உங்க வீட்டு மாடியிலேயே ஐம்பது பேரோடு கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம், எங்கேயும் போக வேண்டாம். அந்தத் தைரியம் இல்லாத எங்களைப் போன்றவர்களுக்குத்தான் எழுபது எண்பது கிலோமீட்டர் தேவைப்படுகிறது.

ராஜேந்திர சோழனின் படை கங்கை வரைக்கும் போய் ஜெயித்து வந்ததை வைத்து வந்த பெயர் எங்க ஊர்ப் பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு திருச்செந்தூர் வரைக்கும் போக யோசித்தால் நல்லாவா இருக்கும்?

உங்க வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் என்ன பதில் வரும்? கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். எங்க வீட்டில் அம்மா பாதி சம்மதம். அக்கா முழுச் சம்மதம். அப்பா மட்டும் இன்னும் மொய் நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.